பூரணியின் தொட்டியில் கறுத்துப்போன மூடி

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு நீல வேன் ஒன்று வந்துபோகத் தொடங்கியபோதுதான் பூரணியைப் பற்றிய பேச்சும் தொடங்கியது. தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் நிரஞ்சன் வேனிலிருந்து இறங்குவான். கனமான உரச்சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பூரணி குடியிருந்த காம்பராவுக்குப் பின்னால் போவான். கொஞ்ச நேரத்தில் வேறொரு சாக்கோடு திரும்புவான். அதைக் குழந்தையை வைப்பதுபோல வேனுக்குள் மெதுவாக வைப்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பின்பக்கத் தகரக் கொட்டகையிலிருந்து மூக்கை அரிக்கும் ஒரு வாடை மட்டும் லயம் முழுக்க வரும். பகலில் மோட்டார் சத்தம் கேட்கும்.

"கசிப்புச் சாராயம் காய்ச்சுறா" என்றார்கள் சிலர். "கசிப்பு இப்படியா மணக்கும்? இது வேற என்னமோ" என்றார்கள் கசிப்பின் மணம் தெரிந்தவர்கள்.

கொட்டகைக்குள் இருந்தவை வாகனங்களின் அலுமினியப் பாகங்கள். சக்கர ரிம்கள், இஞ்சினின் மேல்மூடிகள், சின்னச் சின்னக் குழாய்கள். பழைய பெயின்டை உரித்துவிட்டு அவற்றை மினுக்கிக் கொடுப்பது பூரணியின் வேலை. கேட்டவர்களிடம் இதைச் சொல்லியும் இருந்தாள். லயத்துப் பொம்பளை ஒருத்தியிடம் கார் சாமானைக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று யாருக்குத்தான் நம்பத் தோன்றும்?

அவளுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. பதினேழு வயதில் கொழும்புப் பக்கம் சட்டிபானை செய்யும் அலுமினிய பாக்டரிக்கு வேலைக்குப் போனவள். முதலில் பெட்டி கட்டும் வேலை. பிறகு மினுக்கும் சக்கரத்தில் நின்ற ஆள் விலகிப்போக, அந்த இடத்தில் அவளை நிறுத்தினார்கள். சுழலும் துணிச் சக்கரத்தில் சட்டியை எந்தக் கோணத்தில் கொடுப்பது, எப்போது கையை எடுப்பது என்பதெல்லாம் அங்கே பழகியதுதான். தன் தோட்டத்து அழகனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் கொழும்பில் ஒரு மாடிக் குடியிருப்பில் காவல் வேலை பார்த்தான். நாட்டில் எரிபொருளுக்கு வரிசை நின்ற வருடத்தில் பாக்டரி மூடப்பட்டது. அழகன் கொழும்பிலேயே இருந்தான். மகள் லோஜினி கண்டியில் தாதியர் பயிற்சியில் இருந்தாள். பூரணி மட்டும் லயத்துக்குத் திரும்பி வந்தாள்.

கைக்காசுக்குக் கொழுந்து பறித்துப் பார்த்தாள். சரிவில் கால் நிற்கவில்லை. ஒரு நாள் தலவாக்கலையில் பஸ்சுக்கு நின்றபோது, எதிர்க் கராஜில் ஒருவன் இஞ்சின் மூடி ஒன்றின் பெயின்டை ஸ்க்ரூ டிரைவரால் கிழித்துச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

"தம்பி, அதுல அலுமினியமும் சேந்து போகுது. எங்கிட்டக் குடுத்துப் பாருங்க."

அந்தத் தம்பிதான் நிரஞ்சன். வெளிநாட்டு வாகனங்கள் இறக்குமதியாவது நின்றுபோயிருந்த காலம் அது. இருக்கிற பழைய வாகனத்தையே புதிதாக்கி ஓட்ட வேண்டும் என்று எல்லாரும் அலைந்தார்கள். முதல் மூடி கண்ணாடி மாதிரி திரும்பி வந்ததும் அவன் அடுத்ததைக் கொண்டுவந்தான். கொஞ்ச காலத்தில் பழைய மோட்டார் ஒன்றையும் அவனே கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தான்.

அவள் முறை இதுதான். முதலில் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பாள். கூழ் மாதிரி இருக்கும் பெயின்ட் ரிமூவரைத் தூரிகையால் தடவி, காயாமல் இருக்கப் பொலித்தீனால் மூடிவைப்பாள். பெயின்ட், கொதித்து ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கி எழும்பும். அதை ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுப்பாள். இரும்பு எதையும் கிட்டக் கொண்டுவர மாட்டாள். கழுவி, தேய்க்கும் வாட்டர் பேப்பரால் கரடில் தொடங்கி நைசில் முடித்து, கடைசியில் மினுக்கும் சக்கரத்தில் கொடுப்பாள். உரித்த பெயின்டைக் கழிவுநீர்க் கானில் விட மாட்டாள். அந்தக் கான் அடுத்த காம்பரா வேலாயியின் லீக்ஸ் பாத்திக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரு பழைய தார் பீப்பாயில் சேர்த்து மூடிவைத்திருந்தாள்.

அந்தப் பீப்பாயும் சந்தேகத்துக்கு ஒரு காரணமானது. மூடிய பீப்பாய்க்குள் கசிப்புக்கான கோடா ஊறுகிறது என்று யாரோ பொலிசுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை ஜீப் வந்தது. லயமே வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்தது. சார்ஜன் பீப்பாயின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே போய், பலகையில் வரிசையாக இருந்தவற்றைக் காட்டி, "மே மொனவாத?" என்று கேட்டார், இதெல்லாம் என்ன என்று. பூரணி கொழும்பில் பழகிய சிங்களத்தில் விளக்கினாள். அவர் கராஜுக்குப் போன் போட்டு விசாரித்தார். எங்காவது திருடிய ரிம்மோ என்று ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கூட வந்த பொலிஸ்காரன் ஒருவன் மினுக்கிய மூடியில் தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"யாரு சேர் சொன்னது?" என்று பூரணி கேட்டாள்.

"ஒரு போன் கோல் வந்தது" என்றார் சார்ஜன். ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு பூரணிக்கு லயத்தில் எந்த முகமும் பழைய முகமாகத் தெரியவில்லை. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நிற்கிறதா என்று கவனித்தாள். சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தாள். கடைசியில் அவள் சந்தேகம் வேலாயி மேல் வந்து நின்றது. வாடை தாங்க முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள் வேலாயி ஒருத்திதான். பீப்பாய் அவளுடைய பாத்தியிலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். இது போதாதா?

அழகன் லீவில் வந்தபோது நடந்ததைச் சொன்னாள். வாசலில் பதிந்திருந்த டயர்த் தடத்தைக் குனிந்து பார்த்தான்.

"அந்தத் தம்பி வந்தா எங்க உக்காருவான்?"

"கொட்டகை வாசல்ல வாளியக் கவுத்துப் போட்டு உக்காருவாரு."

"டீ குடுப்பியா?"

"வீட்டுக்கு வர்றவங்களுக்கு டீ குடுக்காம அனுப்புறதா?"

"சும்மாதான் கேட்டேன்."

அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது அவன் அவளுடைய போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். வேலாயி இவர் காதிலும் எதையோ ஓதியிருக்கிறாள் என்றுதான் பூரணி நினைத்தாள்.

பங்குனியில் ஒரு பெரிய வேலை வந்தது. நுவரெலியாவில் ஓய்வுபெற்ற சிங்கள மாத்தயா ஒருவரிடம் அவர் தகப்பன் காலத்துக் கார் இருந்தது. சித்திரை சீசனில் பழைய கார்கள் ஊர்வலம் போகும்போது அதையும் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதன் இஞ்சின் மேல்மூடியை நிரஞ்சன் கொண்டுவந்தான். டெப்பட் கவர் என்று கராஜில் சொல்வது. சிவப்புக்கு மேல் கறுப்பு, கறுப்புக்கு மேல் வெள்ளி என்று யார் யாரோ பூசியிருந்தார்கள். மேலே எழுத்துகள் புடைத்திருந்தன.

"அக்கா, இது இந்த நாட்டுல வேற எங்கயும் இல்ல. பாத்துச் செய்யுங்க" என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

பூரணி அதைப் பொறுமையாக உரித்தாள். எழுத்துகளின் இடுக்கில் ஈர்க்குச்சியை விட்டுச் சுத்தம் செய்தாள். கடைசிப் பெயின்டும் போன பிறகு, ஒட்டியிருந்த பிசுக்கு போகட்டும் என்று ஒரு காலையில் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, மினுக்கும் கம்பவுண்ட் வாங்கத் தலவாக்கலைக்குப் பஸ் ஏறினாள். அழகன் அந்த வாரமும் லீவில் வந்திருந்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கொட்டகைக் கதவுக்குப் பூட்டு கிடையாது, ஒரு கம்பியை முறுக்கி வைப்பதுதான்.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்பி வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியில் சாம்பல் நிறத்தில் நுரை பொங்கியிருந்தது. தண்ணீர் சூடாக இருந்தது, உஸ்ஸென்று இரைந்தது. மூச்சு முட்டியது. கம்பு ஒன்றை விட்டு மூடியை வெளியே இழுத்துப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மூடி கரிச்சட்டி மாதிரி கறுத்திருந்தது. துடைத்தால் உள்ளே அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக இருந்தது. ஒரு பக்கத்து எழுத்துகள் கரைந்து மழுங்கியிருந்தன.

சோப்புத் தண்ணீர் இப்படிச் செய்யாது என்று அவளுக்குத் தெரியும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, மிச்சமிருந்த சோப்புத்தூளை ஒரு கோப்பையில் கரைத்து அலுமினியத் துண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. தொட்டியின் ஓரத்துப் பலகையில் வெள்ளையாகச் சில மணிகள் சிந்தியிருந்தன. ஈர விரலால் ஒன்றைத் தொட்டாள். வழுவழுத்தது, உடனே சுரீரென்று எரிந்தது. கோஸ்டிக் சோடா. அடைத்துப்போன கானுக்குப் போடுவதற்கு எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். அலுமினியத்தை அது தின்றுவிடும். பாக்டரியில் அதற்கென்று தனி அறையே இருந்தது.

ஆக, யாரோ வந்து போட்டிருக்கிறார்கள்.

வேறு எதையும் யோசிக்காமல் வேலாயியின் இஸ்தோப்புக்குப் போனாள். வேலாயி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு நான் என்னக்கா கெடுதல் செஞ்சேன்? பொலிசக் கூப்புட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப வந்து மருந்தக் கொட்டி வச்சிருக்கீங்களே!"

வேலாயிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சாக்கைக் கீழே போட்டாள்.

"யாருடி பொலிசக் கூப்புட்டது? நாறுதுன்னு ஒங்கிட்டயே நேராச் சொன்னவ, ஒளிஞ்சு நின்னு போன் பண்ணுவேனா? காலையில பெரட்டுக்குப் போனவ, கால் சகதியோட இப்பத்தான் வந்து நிக்கிறேன். வேலைக்குப் பேர் போட்ட கண்டாக்கய்யாவக் கேளு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஆம்பள இருந்தாருல்ல. யாரு வந்தான்னு அவரக் கேக்காம எங்கிட்ட வந்துட்ட" என்றாள்.

பூரணி தன் காம்பராவுக்கு வந்தாள். அழகன் அடுப்படியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கரண்டியால் சாப்பிட்டான். வலது கை விரல்களில் தேங்காயெண்ணெய் பூசித் துவாய்த் துணியால் சுற்றியிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கரண்டியால் சோறு தின்று அவள் பார்த்ததில்லை.

"கை என்னாச்சுங்க?"

"வெந்நி பட்டுருச்சு."

"எங்க வெந்நி வச்சீங்க? காலையில நான் அணைச்ச அடுப்பு அப்படியே கெடக்கு."

அவள் துவாயை அவிழ்த்தாள். விரல் நுனிகள் வெளுத்து, ஊறிப்போய், தோல் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. இப்படிப்பட்ட விரல்களை அவள் பாக்டரியில் பார்த்திருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். விழுகிற தண்ணீருக்குக் கீழே அந்தக் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். குடத்தோடு வந்த பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். குளிரில் அவன் உடம்பு நடுங்கியது. அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"கோஸ்டிக் எங்க வாங்குனீங்க?"

"டவுன்ல."

"அது அலுமினியத்தத் திங்கும்னு யாரு சொன்னா?"

"நீதான். பாக்டரியில ஒரு புள்ள தட்டையெல்லாம் தப்பான தொட்டியில போட்டுட்டான்னு சொன்னியே."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏங்க?"

"அந்த வேன் இங்க வரக்கூடாது."

"யாரு என்ன சொன்னாங்க ஒங்ககிட்ட?"

"யாரும் ஒன்னும் சொல்லல." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நானாத்தான் நெனச்சேன். விடிஞ்சா பொழுதன்னிக்கும் காவல் கூண்டுக்குள்ள உக்காந்து, வர்றவன் போறவனத்தான் பாக்குறேன். எங்க போற, யாரப் பாக்கப் போற, பையில என்ன. இதக் கேக்கத்தான் சம்பளம். புருஷன் கார் வெளிய போனதும் வேற கார் உள்ள வர்றதையும் பாக்குறேன். அப்புறம் நீ போன்ல நிரஞ்சன் தம்பி வந்தாரு, மோட்டார் பூட்டிக் குடுத்தாருன்னு சந்தோஷமாச் சொல்லுவ. ரெண்டும் மண்டைக்குள்ள ஒன்னாச் சேந்துருது."

"பொலிசுக்குப் போன் பண்ணுனது?"

அவன் தலையைக் குனிந்தான்.

"என்னையப் பிடிச்சிட்டுப் போயிருந்தா?"

"நீ பயந்து இந்த வேலைய விட்டுருவன்னு நெனச்சேன்."

இத்தனை நாள் பீலியில், கடையில், கோயிலில் ஒவ்வொரு முகமாகத் துருவிப் பார்த்தது பூரணிக்கு நினைவு வந்தது. ஒரு முகத்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை. அழக்கூடத் தோன்றவில்லை. "நாளைக்கு நீங்க என்கூட கராஜுக்கு வர்றீங்க" என்றாள்.

"நான் எப்படிப் புள்ள அந்தத் தம்பி முகத்துல முழிப்பேன்?"

"நீங்க வரலன்னா நானே சொல்லுவேன். எதுக்காகச் செஞ்சீங்கன்னும் சேத்துச் சொல்லுவேன்."

மறுநாள் இருவரும் தலவாக்கலை பஸ்சில் ஏறினார்கள். கறுத்த மூடி சாக்குக்குள் அவள் மடியில் இருந்தது.

நிரஞ்சன் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பினான், மறுபடியும் திருப்பினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "இது நான் குடுத்த கவர்தானா அக்கா?" என்று கேட்டான்.

பொலிஸ் வந்து கொட்டகையைக் கிளறியபோதுகூட அவளுக்கு அப்படி வலிக்கவில்லை. நல்லதை விற்றுவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று இவனும் நினைக்கிறானே! அவள் வாயைத் திறப்பதற்குள் அழகன் ஓரடி முன்னால் வந்தான்.

"அதே கவர்தான் தம்பி. நான்தான் கோஸ்டிக்கப் போட்டேன். அவளுக்குத் தெரியாது."

"தெரியாமப் போட்டீங்களா?"

"இல்ல. தெரிஞ்சுதான் போட்டேன்."

நிரஞ்சன் அவனுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பூரணியைப் பார்த்தான். காரணத்தை யாரும் சொல்லவில்லை. ஆனால் அவன் காது மடல் சிவந்துவிட்டது. திரும்பி, ஒரு ஸ்பெனரை எடுத்து மேசையில் வைத்தான். பிறகு அதையே எடுத்து வேறு இடத்தில் வைத்தான்.

"மாத்தயாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?" என்றான் கடைசியில்.

"ஊர்வலத்துக்கு முந்தி நான் சரிபண்ணித் தர்றேன்னு சொல்லுங்க. ஆழமான குழிய மட்டும் நீங்க வெல்டிங்கில நெரப்பிக் குடுங்க தம்பி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவன் நிரப்பிக் கொடுத்தான். பூரணி அரத்தால் ராவினாள், கரட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தாள், நைசால் தேய்த்தாள். மழுங்கிய எழுத்துகளை ஊசி அரத்தால் ஓரம் எடுத்துப் பார்த்தாள். சில எழுத்துகள் எழும்பின. கடைசியில் இருந்த இரண்டு எழும்பவே இல்லை. இரவில் தோள்பட்டை இழுத்துப் பிடித்தது. அழகனின் லீவு முடிந்து அவன் கொழும்புக்குப் போனபோது அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்து வழியனுப்பவில்லை.

மூடியைப் பார்க்க மாத்தயாவே நுவரெலியாவிலிருந்து கராஜுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், வெல்டிங் வைத்த இடத்தை நகத்தால் சுரண்டினார். மழுங்கிய இரண்டு எழுத்துகளையும் பெருவிரலால் தடவினார். என்ன நடந்தது என்று பூரணியிடம் சிங்களத்தில் கேட்டார். தொட்டியில் தவறான மருந்து விழுந்துவிட்டது என்று அவள் சொன்னாள். அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடியை எடுத்துக்கொண்டு போனார். சீசனில் அந்தக் கார் கிரகரி வாவிக் கரையில் ஓடியதாக நிரஞ்சன் போனில் சொன்னான். ஆனால் மாத்தயா அந்தக் கராஜுக்கு மறுபடி வரவில்லை.

நிரஞ்சனும் லயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். வேலை இருந்தால், "சாமான் வச்சிருக்கேன் அக்கா, பஸ்சுல வந்து எடுத்துக்கங்க" என்று போனில் சொல்வான். அவள் போனால் கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசுவான். அதில் அவன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சாக்கைச் சுமந்துகொண்டு பஸ் படியேறும்போது அந்த நீல வேன் நினைவுக்கு வரும்.

வேலாயியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். வேலாயி உடனே முகம் கொடுக்கவில்லை. சில நாள் கழித்துக் கறுத்துப்போன தேநீர்க் கேத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, "இதப் பளபளப்பாக்கிக் குடு, அப்புறம் பாப்போம்" என்றாள். பளபளப்பாக்கிக் கொடுத்த கேத்தலை லயமே பார்த்தது. அடுத்த வாரம் இன்னும் சில கேத்தல்கள் வந்தன. கசிப்புப் பேச்சு அதோடு அடங்கியது.

தீபாவளிக்கு அழகன் வந்தான். விரல்கள் ஆறியிருந்தன, நுனித்தோல் மட்டும் மெல்லிய காகிதம்போல இருந்தது. கூண்டு வேலையை விட்டுவிட்டு அதே குடியிருப்பில் தோட்ட வேலைக்கு மாறிவிட்டதாகச் சொன்னான். கொட்டகைக்கு இப்போது பூட்டு இருந்தது. அவன் வெளியே நின்று, "உள்ள வரட்டா?" என்று கேட்டான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வரச் சொன்னாள். பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து தொட்டியை நிரப்பினான். ரிம்களைத் தூக்கிக் கொடுத்தான். சோப்புத்தூளை மட்டும் அவள் தன் கையாலேயே போட்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த ரிம்மைத் தூக்கினான்.

தைக்குப் பிறகு அவள் ஹட்டனிலும் ஒரு கராஜில் பேசி வேலை எடுத்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. முதல் நாள், அவளிடம் கொடுக்குமுன் ரிம்களை அந்தக் கராஜ்காரர் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டார். "எடுத்துக்கங்க, நல்லது" என்றாள் பூரணி. அவளும் தன் போனை எடுத்து, வாங்கிய சாமானை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டாள்.